எது ஒரிஜினல்? பழைய ஜீப்பை முன்வைத்து ஒரு கருத்து

கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு ஜீப்பைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. விடிவதற்கு முன்பே கம்பம், கூடலூர், போடி என்று ஊருக்கு ஊர் தூக்குவாளியோடு நிற்கும் ஆட்களை ஏற்றிக்கொண்டு, மெட்டு ஏறி ஏலத் தோட்டத்தில் இறக்கிவிட்டு, பொழுது சாயும்போது திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது ஜீப்தான். காய் மூட்டைக்கும் ஜீப், பிரசவத்துக்கும் ஜீப், தேர்தல் மைக்குக்கும் ஜீப். காளை மாட்டுக்கு அடுத்தபடியாக இந்த மண்ணில் அதிகம் உழைத்தது எதுவென்று கேட்டால், நான் ஜீப்பைத்தான் சொல்வேன்.

இப்போது ஒரு புதிய ஆசை பிறந்திருக்கிறது. வெளியூரில் நல்ல சம்பளத்தில் இருக்கும் பேரப்பிள்ளைகள், கொட்டகையில் கோழி அடைந்து கிடக்கும் தாத்தாவின் ஜீப்பை வெளியே இழுத்து, "ஃபேக்டரியிலிருந்து வந்தபடியே" ஆக்கவேண்டும் என்கிறார்கள். பெயின்ட், சீட், தார்ப்பாய் எல்லாம் சுலபம். பானெட்டைத் தூக்கினால்தான் சிக்கல். உள்ளே இருப்பது எதுவும் ஃபேக்டரியிலிருந்து வந்தபடி இருக்காது. அதையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு முதல் நாள் கோலத்துக்குத் திரும்புவதுதான் சரியா? "யோசித்துச் செய்யுங்கள், பெரும்பாலும் செய்யாதீர்கள்" என்பது என் கட்சி. காரணங்களைச் சொல்கிறேன்.

என்னை இதில் இழுத்துவிட்டது உத்தமபாளையம் பக்கத்து ஒரு ஜீப். அறுபதுகளில் ஏலத் தோட்டத்துக்காக வாங்கியது, மஹிந்திராவின் சிஜே-3பி. வாங்கியபோது பெட்ரோல் வண்டி. எண்பதுகளில் அந்தத் தாத்தா அதைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் வைத்துவிட்டார். அந்த டீசல் எஞ்சின் பிரெஞ்சு வடிவமைப்பு. பேரன் அதன் பிரெஞ்சுக் கையேட்டின் சில பக்கங்களை எங்கிருந்தோ எடுத்து வைத்துக்கொண்டு முழித்திருக்கிறான். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த கிழவர் ஒருவர் இங்கே குடியிருக்கிறார் என்று யாரோ சொல்ல, ஆள் வந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க அரசாங்கக் கோப்புகளைப் புரட்டியவனுக்கு எஞ்சின் கையேடு படிக்கும் யோகம் எழுபதுக்கு மேல்தான் வாய்த்தது.

பட்டறையில் நடந்த பேச்சு இவ்வளவுதான்.

"அய்யா, இந்த டீசலை எடுத்துட்டு பழைய பெட்ரோல் எஞ்சினையே வைக்கப்போறேன். வண்டி ஒரிஜினலா இருக்கணும்" என்றான் பையன்.

மெக்கானிக் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, அந்தப் பெட்ரோல் எஞ்சினை இறக்குனதே நாந்தான். அப்ப எனக்குப் பதினெட்டு வயசு. உங்க தாத்தா பக்கத்துலயே கட்டில் போட்டு உக்காந்திருந்தாரு. இது ஒரிஜினல் இல்லைன்னா, அப்ப நான் பார்த்த வேலை என்ன டூப்ளிகேட்டா?"

இந்தக் கேள்விக்குப் பையனிடம் பதில் இல்லை. எனக்கும் உடனே பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து சில நாள் யோசித்ததன் விளைவே இந்தக் கட்டுரை.

முதலில், அந்த ஜீப்பில் ஆதியில் என்ன இருந்தது என்று பார்ப்போம். சிஜே-3பி-யின் எஞ்சினுக்கு 'ஹரிக்கேன்' என்று பெயர். நான்கு சிலிண்டர், சுமார் 2,199 சிசி. அதன் விசேஷம், உள்ளிழுக்கும் வால்வு மேலே தலையிலும், வெளியேற்றும் வால்வு கீழே பிளாக்கிலும் இருக்கும். அதனால் எஞ்சின் உயரமாகிவிட்டது. அந்த உயரத்துக்கு இடம் கொடுக்கத்தான் இந்த மாடலின் பானெட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. பழைய ஜீப்புகளில் முகம் மட்டும் நெட்டையாக ஒன்று இருக்குமே, அதுதான். போர்க்காலத்து ஜீப்பின் எஞ்சின் 60 குதிரைசக்தி என்றால், இது 75-ஐ ஒட்டி வரும். நல்ல எஞ்சின், குறை சொல்வதற்கில்லை.

ஆனால் மெட்டு ஏறும்போது அதன் குணம் வேறு. வெயிலில் சூடேறினால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றுவிடும். பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு, ஓரமாக உட்கார்ந்து பீடி பிடித்த டிரைவர்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். வைப்பர் கதை இன்னும் வேடிக்கை. அது கரண்ட்டில் ஓடியதில்லை, எஞ்சின் உறிஞ்சும் வாக்குவத்தில் ஓடியது. மேட்டில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் வாக்குவம் குறையும், வைப்பர் சோம்பலாகிவிடும். அதாவது, குமுளி மலையில் ஐப்பசி மழை கொட்டும்போது, எப்போது கண்ணாடி துடைக்கவேண்டுமோ அப்போது பார்த்து அது துடைக்காது! இதற்கு மேல் பெட்ரோல் விலை. 1973-இல் உலகம் முழுக்க எண்ணெய் விலை ஏறியபின், தோட்டத்துக்குப் பெட்ரோல் ஜீப் ஓட்டுவது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதையாகிவிட்டது.

அப்போதுதான் டீசல் வந்தது. மஹிந்திரா நிறுவனம் பிரான்சின் பெஜோ நிறுவனத்திடம் உரிமம் வாங்கி, எக்ஸ்டிபி 4.90 என்ற டீசல் எஞ்சினை இங்கேயே செய்தது. எம்எம்-540 ஜீப்புகளில் வந்தது அதுதான். (பட்டறைகளில் 'பியூஜட்' என்பார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தால் அப்படித்தான் வரும், அவர்கள் மேல் தப்பில்லை.) 4 என்றால் நான்கு சிலிண்டர், 90 என்றால் ஒவ்வொன்றின் விட்டமும் 90 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 83. கணக்குப் போட்டால் 2,112 சிசி வருகிறது. ஓட்டம் மெதுவாக இருந்தாலும் இழுவை உண்டு, செலவு குறைவு. காலையில் ஹீட்டர் பிளக் சூடாகும் வரை பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை நம் மக்களுக்கு இருந்தது. இதைப் பார்த்துப் பழைய பெட்ரோல் ஜீப்காரர்களும் எஞ்சினை மாற்றினார்கள். இங்கு மட்டுமல்ல, அம்பாசிடர் டாக்சிகளிலும் மெட்டடார் வேனின் டீசல் எஞ்சினை ஏற்றி ஓட்டியவர்கள் ஏராளம்.

ஆக, அந்த மாற்றம் கோணல் புத்தியால் நடந்ததல்ல. மலையும் மழையும் விலைவாசியும் சேர்ந்து செய்யவைத்தது. இதற்கும் முன்னால் ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது, மதுரையின் டிவிஎஸ் நிறுவனம் கரியை எரித்து அதன் வாயுவில் பஸ் ஓட்டும் கருவியைச் செய்து கொடுத்தது. கரி பஸ்ஸைப் பற்றி நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். அந்தப் பஸ் ஒன்று இன்று முழுசாகக் கிடைத்தால், "கரி அடுப்பு ஒரிஜினல் இல்லை" என்று கழற்றிப் போடுவோமா? கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கும்பிட மாட்டோமா?

அடுத்த கேள்வி: ஃபேக்டரி என்றால் எந்த ஃபேக்டரி? பையனிடம் இருந்த படங்கள் எல்லாம் அமெரிக்காவின் டொலீடோ நகரத்து வில்லீஸ் தொழிற்சாலைப் படங்கள். அங்கே கார்ட்டர் கார்புரேட்டர், ஆட்டோ-லைட் டைனமோ. நம்முடையதோ மும்பையில் உருவானது. முதலில் பாகங்களாக வந்து இறங்கி இங்கே பூட்டப்பட்டன, பிறகு ஒவ்வொன்றாக உள்நாட்டுச் சரக்கு ஏறியது. நான் பார்த்த ஜீப்புகளில் சோலெக்ஸ் கார்புரேட்டரும் லூகாஸ் டைனமோவும்தான் இருந்தன. 1961-இல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் சென்னை பாடியில். அதே பாடியில் பிரேக்ஸ் இந்தியா. பிஸ்டனுக்குச் செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ். ஒரு பழைய இந்திய வண்டியின் பானெட்டைத் திறந்தால் சென்னையின் தொழிற்பேட்டை வரைபடமே உள்ளே இருக்கும். அதையெல்லாம் எடுத்துவிட்டு, இன்டர்நெட்டில் அமெரிக்கப் பாகங்களை டாலர் கொடுத்து வாங்கிப் பூட்டினால், அது கம்பத்து ஜீப்பாகவும் இருக்காது, டொலீடோ ஜீப்பாகவும் இருக்காது.

இன்னொன்றும் உண்டு. இறக்கிய பெட்ரோல் எஞ்சின் இப்போது இல்லை. கொஞ்ச நாள் தோட்டத்தில் தண்ணீர் இறைத்துவிட்டு இரும்புக் கடைக்குப் போய்விட்டதாம். அப்படியானால் பையன் வைக்கப்போவது வேறொரு ஜீப்பின் எஞ்சின். நம்பர் பொருந்தாது. இந்த வண்டியோடு ஒருநாளும் வாழாத எஞ்சினுக்கு 'ஒரிஜினல்' என்று பெயர், நாற்பது வருடம் கூடவே உழைத்ததற்கு 'அந்நியம்' என்று பெயர் என்றால், இது என்ன நியாயம்? போதாக்குறைக்கு, அந்த எஞ்சினுக்காக எங்கோ ஒரு முழு ஜீப் பிரிக்கப்பட வேண்டும்.

சட்டத்தையும் பார்க்கவேண்டும் அல்லவா, நான் குமாஸ்தா ஆயிற்றே. 2021 ஜூலையில் மத்திய அரசு 'விண்டேஜ்' வாகனங்களுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. முதல் பதிவு நடந்து 50 ஆண்டுகள் தாண்டியிருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் ஆதி வடிவில் இருக்கவேண்டும். புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000. நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவுள்ள வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். பையனின் அவசரத்துக்கு இந்தக் கௌரவமும் ஒரு காரணம்.

ஆனால் அடுத்த வரியையும் படிக்கவேண்டும். அப்படிப் பதிவான வண்டியை அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ எடுக்கக்கூடாது. கண்காட்சி, ஆராய்ச்சி, விண்டேஜ் ரேலி, அதற்கான எரிபொருள் போடுதல், பராமரிப்பு, இவ்வளவுதான் அனுமதி. தாத்தாவின் நினைவாகத் தோட்டத்துக்கு ஒரு நடை போய்வரலாம் என்றால் முடியாது. இந்தப் பக்கம் சாதாரணப் பதிவிலேயே வைத்திருந்தால் புதுப்பிக்கும் கட்டணம் சுமை. 600 ரூபாயாக இருந்தது 2022-இல் 5,000 ஆனது, பிறகும் ஏறியிருக்கிறது. பையன் பாவம், இரண்டு பக்கமும் இடி.

எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. 'மாற்றமே இல்லாத வண்டி' யாரிடம் இருக்கும்? ஜமீனிடம், மில் முதலாளியிடம், ஷெட்டில் மூடி வைக்க வசதியுள்ளவரிடம். உழைத்துப் பிழைத்தவன் வண்டியில் மாற்றம் இல்லாமல் எப்படி இருக்கும்? ஆக, இந்த விதியின் கண்ணுக்கு உழைத்த வண்டி தெரியாது, உட்கார்ந்த வண்டிதான் தெரியும். பழைய மாற்றம், முறையாகப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றப்பட்டு, அதற்கும் பல பத்தாண்டு வயதாகியிருந்தால், அதற்கென்று ஒரு தனிப் பிரிவு வைக்கலாம். இது ஒன்றும் நடக்காத காரியமல்ல. பழைய வாகனங்களுக்கென்று 1966 முதல் 'ஃபிவா' என்றொரு உலகச் சம்மேளனம் இருக்கிறது. ('ஃபெதெராசியோன் அன்தெர்னாசியோனால்' என்று தொடங்கும் அதன் முழுப் பெயர் பிரெஞ்சு. எனக்கு அதில் ஓர் அற்பச் சந்தோஷம்.) அவர்கள் வண்டிகளை வகைப்படுத்தும்போது, அந்தந்தக் காலத்திலேயே நடந்த மாற்றத்துக்குத் தனி வகை வைத்திருக்கிறார்கள். 2013-இல் அவர்கள் ஏற்ற டூரின் சாசனமும், பழுது பார்ப்பது வேறு, பாதுகாப்பது வேறு, புதிதுபோல் ஆக்குவது வேறு என்று பிரித்துச் சொல்கிறது. இதற்கு முன்மாதிரி, பழைய கட்டடங்களுக்காக 1964-இல் எழுதப்பட்ட வெனிஸ் சாசனம்.

கட்டடம் என்றதும் பாரிஸ் நோத்ர்-தாம் ஆலயம் நினைவுக்கு வருகிறது. 2019-இல் தீப்பிடித்து அதன் கூரான கோபுரம் எரிந்து விழுந்ததை எல்லோரும் டிவியில் பார்த்தோம். அந்தக் கோபுரம் ஆலயம் கட்டிய காலத்தது அல்ல. பழையது பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அகற்றப்பட்டுவிட்டது. விழுந்தது, வியொலே-லெ-துக் என்ற கட்டடக் கலைஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுப்பியது. ஆதியில் இல்லாத முழுமையைத் தன் மனசிலிருந்து சேர்த்துவிடுவார் என்று அவர்மேல் அந்த நாட்டிலேயே புகார் உண்டு. இருந்தும், தீக்குப்பின் பிரெஞ்சுக்காரர்கள் எதைத் திரும்பக் கட்டினார்கள்? அந்தப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கோபுரத்தையே அச்சு மாறாமல் கட்டி, 2024 டிசம்பரில் ஆலயத்தைத் திறந்தார்கள். பிற்காலச் சேர்க்கையும் நாளடைவில் வரலாறாகிவிடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அந்தக் கையேட்டில் அடிக்கடி வந்த சொல் 'தொரிழின்'. ஃபேக்டரிச் சரக்கு என்று பொருள். அதே சொல்லை ஓர் ஆளைப் பற்றிச் சொன்னால் 'பிறப்பால், பூர்வீகத்தால்' என்று அர்த்தம் வரும். என்னைப் பிறப்பால் புதுச்சேரிக்காரன் என்று சொல்லலாம், உண்மைதான். ஆனால் அதற்காக இங்கே வாழ்ந்த வருடங்களைக் கழற்றிவிட்டு என்னை ஒரிஜினலாக்க முடியுமா?

அலுவலகத்தில் எங்களுக்கு ஒரு விதி உண்டு. கோப்பில் எழுதியதை அழிக்கக்கூடாது. திருத்தம் வேண்டுமானால் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் போடவேண்டும். அடியில் இருப்பது படிக்கத் தெரியவேண்டும். பத்து வருடம் கழித்து ஒரு தகராறு வந்தால், யார், எப்போது, ஏன் மாற்றினார்கள் என்பதை அந்தச் சுருக்கொப்பம் சொல்லும். ஒரு பழைய ஜீப்பின் பானெட்டுக்கு அடியில் இருப்பதும் கோப்புதான். கூடுதலாகப் பற்றவைத்த எஞ்சின் மவுன்ட், மாற்றிய ரேடியேட்டர், மெக்கானிக் கைப்பட வளைத்த குழாய், ஒவ்வொன்றும் ஒரு சுருக்கொப்பம். அதைக் கிழித்துவிட்டு முதல் பக்கத்தை மட்டும் சுத்தமாக டைப் அடித்து வைத்தால் அது கோப்பு ஆகாது, வெறும் நகல்.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆதி வடிவம் எப்படி இருந்தது என்று காட்ட ஒரு சில வண்டிகளாவது வேண்டும். இல்லையென்றால் அடுத்த தலைமுறைக்கு ஹரிக்கேன் எஞ்சினின் சத்தமே தெரியாமல் போகும். கோவையில் ஜி.டி. நாயுடு பெயரால் விளங்கும் கார் அருங்காட்சியகத்துக்குப் போய்வந்தவர்கள் இந்த அருமையை ஒப்புக்கொள்வார்கள். தன் ஆதி எஞ்சினோடு தப்பிப் பிழைத்த ஜீப் யாரிடமாவது இருந்தால், தயவுசெய்து அதைத் தொடாதீர்கள், அதை அப்படியே காப்பாற்றுங்கள். ஆனால் மாறிப்போன வண்டியை மாறாத வண்டிபோல் வேஷம் கட்டுவது வேறு.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. ஆதி ஜீப்பில் பிரேக்குக்கு ஒரே சர்க்யூட். எங்காவது ஒரு குழாய் ஒழுகினால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். போடி மெட்டில் 17 கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது ஒரிஜினல் என்று பெருமைப்பட நேரமிருக்காது. பிரேக், ஒயரிங், பெட்ரோல் அல்லது டீசல் ஹோஸ், வைப்பர், இந்த நாலிலும் பழமைப் பற்று வேண்டாம்.

பையனுக்கு நான் சொன்ன யோசனையை உங்களுக்கும் சொல்கிறேன். எஞ்சினை மாற்றாதே. இருக்கிற பெஜோ டீசலையே அதன் கையேட்டுப்படி, அதன் காலத்துக்கு ஏற்றபடி சரிசெய். இடையில் வந்து ஒட்டிக்கொண்ட பிளாஸ்டிக் டேப், முறுக்கிய ஒயர், சைக்கிள் டியூப் எல்லாம் போகட்டும். அவற்றுக்கு வரலாறு கிடையாது, அவசரம்தான் உண்டு. எண்ணெய்த் தொட்டி வைத்த ஏர் கிளீனர் இருந்தால் அதையே வைத்துக்கொள், தோட்டத்துப் புழுதிக்கு இன்றும் அது நல்லது. ஒரு போல்ட்டைத் தொடுவதற்கு முன் படம் எடு. கழற்றியதை எறியாமல் சீட்டுக் கட்டிப் பெட்டியில் வை. சேசிஸை வெட்டாதே, திரும்பக் கழற்ற முடிகிற வேலையை மட்டும் செய். பதிவுப் புத்தகத்தில் 'டீசல்' என்று ஏறியிருக்கிறதா என்று முதலில் பார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நோட்டு வாங்கி, அந்த மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுது. எந்த வருடம், ஏன் இந்த மவுன்ட், எங்கே வாங்கிய ரேடியேட்டர், தாத்தா என்ன சொன்னார், எல்லாம். கையேடு எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும், அவர் கிடைக்க மாட்டார்.

பையன் இன்னும் முடிவு சொல்லவில்லை. நோட்டு மட்டும் வாங்கியிருக்கிறான் என்று கேள்வி.

வாசக அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஜீப்பின் பில், பதிவுப் புத்தகம், உதிரிபாகப் பட்டியல், பட்டறைச் சீட்டு ஏதாவது கிடந்தால், பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். ஆதி எஞ்சின் திரும்பி வராவிட்டாலும், அது எப்படிப் போயிற்று என்பதாவது எழுத்தில் நிற்கட்டும்.